ரேட் ஹிஸ்டரி ஆப்புக்கு ஒரு வருஷச் சந்தா: வெள்ளி–ரூபாய்க் கணக்கு ரசீதோடு ஒத்துப்போகிறதா?

ஒரு வருஷம் காசு கட்டிப் பார்த்தாச்சு. சந்தா புதுப்பிக்கும் தேதி வருகிறது, அதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பழைய நாணய மாற்று விகிதங்களைத் தேதிவாரியாகக் காட்டுகிற ஆப் இது. பெயர் போடவில்லை, ஏனென்றால் இதே மாதிரி நாலைந்து இருக்கிறது, நான் சொல்லப்போகும் குறைகள் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பொருந்தும். இலவசமாக வைத்திருந்தால் கடைசி ஐந்து வருஷம் மட்டும் தெரியும். மாசம் மூணு வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) சொச்சம் கட்டினால் 1990 வரை பின்னால் போகலாம், அலர்ட் வைக்கலாம், எண்களை எக்செலில் இறக்கிக்கொள்ளலாம்.

நான் பார்ப்பது ஒரே ஒரு ஜோடிதான். சிங்கப்பூர் வெள்ளி, இந்திய ரூபாய். 2004-ல் இங்கே வந்தேன், ஊர் மன்னார்குடிப் பக்கம், கட்டுமானத் தளத்தில் வேலை, அன்றிலிருந்து மாசா மாசம் வீட்டுக்கு அனுப்புகிறேன். அனுப்பிய ரசீது ஒவ்வொன்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கும் பழக்கம் உண்டு. அந்தத் தாளில் எழுத்து ரெண்டு மூணு வருஷத்தில் வெளுத்துவிடும் என்று முதல் வருஷமே தெரிந்துபோனதால், பின்பக்கம் பேனாவில் தேதியும் ரேட்டும் எழுதி வைப்பேன். அந்த டின்னும் இந்த ஆப்பும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்கத்தான் சந்தாவே கட்டினேன், வேறு பெரிய திட்டம் எதுவும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே படத்தில் இரண்டு மூன்று கோடுகளை அடுக்கிப் பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே முதல் ரெண்டு மாசம் தூக்கம் கெட்டேன். நான் வந்தபோது ஒரு வெள்ளிக்கு 26, 27 ரூபாய். 2011-ல் 37 ஆகியிருந்தது, வருஷக் கடைசியில் நாற்பதைத் தொட்டது. ரூபாய் விழுந்துகொண்டே போகிறது, அதனால்தான் நமக்கு ரேட் ஏறுகிறது என்று நாங்கள் எல்லோரும் அறையில் பேசிக்கொள்வோம். அதே படத்தில் அமெரிக்க டாலருக்கு எதிரான ரூபாய்க் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். 2004-ல் சராசரி 45 ரூபாய், 2011-ல் 46, 47. ஏழு வருஷத்தில் அசையவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். அப்புறம் எப்படி நமக்குப் பத்து ரூபாய் கூடியது? மூன்றாவது கோட்டைப் போட்டதும் விளங்கியது. 2004-ல் ஒரு அமெரிக்க டாலர் வாங்க 1.69 வெள்ளி வேண்டும், 2011-ல் 1.26 போதும். ஏறியதெல்லாம் வெள்ளி.

சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981-லிருந்து வட்டி விகிதத்தைக் கையில் எடுக்காமல் வெள்ளியின் மதிப்பை வைத்தே விலைவாசியைச் சமாளிக்கிறது. பல நாட்டு நாணயங்கள் சேர்ந்த ஒரு கூடைக்கு எதிராக வெள்ளி எவ்வளவு ஏறலாம், எவ்வளவு இறங்கலாம் என்று ஒரு பட்டை வைத்திருக்கிறார்கள், அந்தப் பட்டையை மெல்ல மேலே சாய்ப்பார்கள். கூடையில் எந்த நாணயம் எவ்வளவு என்பதை வெளியே சொல்வதில்லை. இதெல்லாம் செய்தியில் பத்து தடவை காதில் விழுந்திருக்கும், அந்த மூன்று கோட்டைப் பார்த்த பிறகுதான் நம் மணியார்டரோடு சேர்த்துப் புரிந்தது. 2011-க்குப் பிறகு கதை அப்படியே திரும்பிக்கொள்கிறது. 2020 வரை வெள்ளி டாலருக்கு எதிராகக் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது, ஆனால் நமக்கு ரேட் 53-க்கு வந்துவிட்டது. அந்தப் பாதி முழுக்க ரூபாய் விழுந்த கணக்கு. இதற்கு ஆப்புக்கு முழு மார்க் கொடுக்கலாம்.

இனி குறை. 2013 ஆகஸ்ட் 28, புதன்கிழமை. அந்தத் தேதியை நான் மறக்க மாட்டேன். டாலருக்கு 68 ரூபாயைத் தாண்டிப் போய்விட்டது என்று மதியமே தளத்தில் பேச்சு. வேலை முடிந்து குளிக்காமல்கூட ரயில் பிடித்துத் தேக்கா (லிட்டில் இந்தியா) போனேன். சிராங்கூன் ரோட்டில் பணம் அனுப்பும் கடைகளுக்கு வெளியே பொங்கல் நேரத்துக் கூட்டம், கடன் வாங்கி அனுப்புகிறவர்களும் வரிசையில் நின்றார்கள். நான் வழக்கமாகப் போகும் கடையில் பலகையில் 53.20. கையில் ஆறாயிரம் வெள்ளி, வீட்டு மாடிக்குத் தளம் போடச் சேர்த்தது. கவுண்டரில் இருந்த பாய், "இன்னைக்கே போட்டுடுங்க தம்பி, நாளைக்கு என்னாகும்னு யாரு கண்டா" என்றார். நான் கேட்கவில்லை. டாலர் 70 தொடும், நமக்கு 55 வரும் என்று வரிசையில் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பித் திரும்பி வந்துவிட்டேன். செப்டம்பர் 4-ல் ரிசர்வ் வங்கிக்கு ஆளுநராக ரகுராம் ராஜன் வந்தார், ரூபாய் மீண்டது, அக்டோபரில் 50-க்குக் கீழே. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் 49.10-க்கு அனுப்பினேன். ரசீது டின்னில் இருக்கிறது. பின்பக்கம் ரேட்டுக்குப் பக்கத்தில் என்னை நானே திட்டிய ஒரு வார்த்தையும் இருக்கிறது, அதை இங்கே எழுத முடியாது.

சரி, இந்த உச்சத்தை ஆப்பில் பார்க்கலாமே என்று "மொத்த வரலாறு" பொத்தானை அழுத்தினால் 2013-ல் ஒரு மேடுகூட ஒழுங்காக இல்லை! ஆகஸ்ட் 2013 என்று விரல் வைத்தால் 50-ஐ ஒட்டி ஏதோ காட்டுகிறது. அரை மணி நேரம் என் ரசீதையும் என் ஞாபகத்தையும் சந்தேகப்பட்டேன். அப்புறம் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் சங்கதி இதுதான்: ஐந்து வருஷத்துக்கு மேல் விரித்தால் ஆப் தானாகவே மாதச் சராசரிக்கு மாறிவிடுகிறது, அதைப் படத்தில் எங்கேயும் சொல்வதில்லை. அந்த மாசம் ஆரம்பத்தில் ரேட் 48 பக்கம்தான் இருந்தது, கடைசி வாரத்தில்தான் தாவியது, சராசரி எடுத்தால் அந்த ஒரு நாள் கரைந்துபோகும். ஒரு மாதத்துக்கு மட்டும் சுருக்கினால் ஊசி மாதிரி நிற்கிறது. வரலாறு என்று காசு வாங்குகிறவர்கள் கீழே சின்ன எழுத்தில் "மாதச் சராசரி" என்று ஒரு வரி போட்டால் என்ன கெட்டுவிடும்?

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த குறைதான், இருந்தாலும் புதிதாக வருகிற பையன்களுக்காக எழுதுகிறேன். ஆப் காட்டுவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கிற எண். அந்த விலைக்கு உங்களுக்கும் எனக்கும் யாரும் மாற்றித் தருவதில்லை. டின்னில் இருக்கும் ரேட்டோடு ஒப்பிட்டால் ஆரம்ப வருஷங்களில் எனக்குக் கிடைத்தது ஆப்பில் இருப்பதைவிட வெள்ளிக்கு 30, 40 பைசா குறைவு, அதற்கு மேல் கமிஷன் தனி. இப்போது வித்தியாசம் 10, 15 பைசாவாகச் சுருங்கியிருக்கிறது, போட்டி கூடிவிட்டது. 2023 பிப்ரவரி 21-லிருந்து பேநவ்–யூபிஐ இணைப்பும் (இங்கிருந்து ஊருக்குப் போனிலேயே நேராக அனுப்பும் வசதி) வந்துவிட்டதால் சின்னத் தொகைக்குத் தேக்கா வரைக்கும் போக வேண்டிய வேலையே பலருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விஷயம் தனி. நமக்கு லீவு அன்றைக்குத்தான், கூட்டமும் அன்றைக்குத்தான், ஆனால் சந்தை வெள்ளிக்கிழமை இரவோடு மூடிவிடும். திங்கள் காலை எப்படித் திறக்குமோ என்ற பயத்தில் கடைக்காரர் ரேட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வைப்பார், அது நியாயம்தான். ஆப்போ ஞாயிறு மதியம் பச்சை விளக்கு எரியவிட்டு "நேரலை" என்று காட்டிக்கொண்டிருக்கும். எதன் நேரலை? (தமிழ்ப் பதிப்பில் இன்னொரு கூத்து. நாணயத்தின் பெயர் "சிங்கப்பூர் டாலர்" என்று இருக்கிறது, சரி, ஆனால் அறிவிப்பில் "வெள்ளி 65.20" என்று வந்தால் அது கிழமையா காசா என்று ஒரு நொடி முழிக்க வேண்டியிருக்கிறது.)

1990-களின் தொடக்கத்துக்குப் போனால் இன்னும் கோளாறு. எங்கள் தங்குமிடத்தில் முன்பு இருந்த ஒரு அண்ணன் 1990-ல் வந்தவர், இப்போது ஊரோடு போய்விட்டார். வீடியோ அழைப்பில் அவருக்கு இந்தப் படத்தைக் காட்டினேன். 1991 ஜூலை 1-ம் தேதியும் 3-ம் தேதியும் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, அது படத்தில் ரெண்டு படிக்கட்டு மாதிரி அழகாக விழுந்திருக்கிறது. வெள்ளிக்கு 12 ரூபாயை ஒட்டி இருந்தது மூன்று நாளில் 14-ஐத் தாண்டிவிட்டது. அண்ணன் தலையாட்டினார். அடுத்து 1992. கோடு பதினாறை ஒட்டித் தட்டையாக ஓடுகிறது. "இது தப்புடா" என்றார் உடனே. அவர் சொன்னதுதான் சரி. 1992 மார்ச்சிலிருந்து ஒரு வருஷம் இந்தியாவில் இரண்டு விகிதம் ஒரே நேரத்தில் நடப்பில் இருந்தது. நூறு வெள்ளி அனுப்பினால் நாற்பது வெள்ளிக்கு அரசு விகிதம், அறுபது வெள்ளிக்குச் சந்தை விகிதம். சந்தை விகிதம் வெள்ளிக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் கூடுதல். ஆப்பில் இருப்பது அரசு விகிதம் மட்டும். 1993 மார்ச்சில் ரெண்டையும் ஒன்றாக்கினார்கள், படத்தில் கோடு ஒரேயடியாக 19-க்குத் தாவுகிறது. ஏதோ ஒரே நாளில் ரூபாய் குப்புற விழுந்த மாதிரி தெரியும், ஆனால் அனுப்பியவன் கையில் அப்படி ஒரு தாவல் நடக்கவே இல்லை.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்தில் வங்கி வழியே போனதைவிட உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் வைத்துப் பணம் மாற்றிவிடும் வழி) போனதுதான் அதிகம், ஊருக்கும் இங்கேயுமாகச் சாமான் சுமந்து போய்வரும் குருவிகள் கையில் கொடுத்தனுப்பியதும் உண்டு, ரேட்டும் அங்கேதான் கூட. அதை எந்த ஆப்பில் தேடுவது!

1990-க்கு முன்னால் ஆப்பில் ஒன்றும் கிடையாது. தேதியை 1966 என்று போட்டால் மறுக்காமல் ஏற்றுக்கொண்டு பூஜ்யத்தில் ஒரு கோடு வரைகிறது, அதைவிடத் தேதியே போட விடாமல் இருந்திருக்கலாம். எனக்கு 1966 வேண்டியிருந்தது, காரணம் எங்கள் தாத்தா. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை, மாசம் 50 வெள்ளி வீட்டுக்கு. அந்த வருஷம் ஆடி வாக்கில் வந்த பணத்தைப் பற்றி அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. "எழுவத்தேழு ரூவா சொச்சம் வந்துக்கிட்டு இருந்துச்சு, திடுதிப்புனு நூத்திருவதுக்கு மேல கொண்டாந்து எண்ணி வச்சான் தபால்காரன். தாத்தாவுக்குச் சம்பளம் ஏத்திட்டாங்கன்னு நெனச்சு மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டேன்."

ஆப் கைவிட்டதால் நானே ஒரு தாளில் கணக்குப் போட்டேன், ஐந்து நிமிஷ வேலை. அப்போது இரண்டு நாணயமும் பிரிட்டிஷ் பவுனோடு கட்டப்பட்டிருந்தன. மலாயா வெள்ளி ஒன்றுக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ். ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18. இருபத்தெட்டைப் பதினெட்டால் வகுத்தால் 1.5556. ஐம்பது வெள்ளிக்கு 77 ரூபாய் 78 பைசா, அப்பாயி சொன்ன "எழுவத்தேழு சொச்சம்" சுத்தமாக உட்கார்கிறது. இந்த 1.5556 சாதாரண எண் இல்லை, 1927-லிருந்து, ஜப்பான்காரன் காலத்தைத் தவிர, 1966 வரை அப்படியே இருந்தது. 1949-ல் பவுன் விழுந்தபோது இரண்டும் சேர்ந்தே விழுந்ததால் நமக்குள் மாறவில்லை. நாற்பது வருஷம் ஒரே ரேட் என்றால் எங்கள் அறைப் பையன்கள் நம்பமாட்டேன் என்கிறார்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆப்பைத் திறக்கிற ஆட்கள் அல்லவா. 1966 ஜூன் 6-ல் இந்தியா ரூபாயைக் குறைத்தது, டாலருக்கு 4.76 இருந்தது 7.50 ஆனது. வெள்ளியோ அமெரிக்க டாலருக்கு 3.06 என்றே நின்றது. அப்படியானால் ஒரு வெள்ளிக்கு 2.45, ஐம்பதுக்கு 122 ரூபாய் 50 பைசா. தாத்தா சம்பளம் ஏறவில்லை, மாவிளக்கு வீண்.

வீண் என்று முழுசாகவும் சொல்ல முடியாது, ஆனால் அந்த நூற்றிருபதை வைத்து என்ன வாங்க முடிந்தது என்று அப்பாயியிடம் கேட்டால் முகம் மாறிவிடும். மழை பொய்த்து அரிசிக்கு அலைந்த காலம் அது. அடுத்த வருஷத் தேர்தலில் ரூபாய்க்கு மூணு படி அரிசி என்பதே பெரிய வாக்குறுதியாக இருந்தது. என் டின்னிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. 2004-ல் ஒரு பவுன் நகை ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழே, அன்றைய ரேட்டில் 190 வெள்ளிக்குள் முடிந்துவிடும். 2024-ல் பவுன் ஐம்பதாயிரத்தைத் தாண்டியபோது ரேட் 62. எண்ணூறு வெள்ளி வேண்டும். ரேட் 27-லிருந்து 62-க்கு வந்துவிட்டது என்று ஆப் பச்சை அம்பு போட்டுக் காட்டும்போது எனக்குத் தங்கச்சி கல்யாணத்துக்கு நகை வாங்கிய பில்தான் ஞாபகம் வருகிறது. நல்ல ரேட் என்று ஊரில் சொல்கிறவர்களுக்கு இது புரிவதில்லை, "மாமா, ரேட்டு ஏறியிருக்கே, கொஞ்சம் சேர்த்து அனுப்பலாமே" என்று மச்சினன் மகன் போன் பண்ணுவான்.

ஒரு துணைக்கதை. இங்கே காசை ஏன் வெள்ளி என்கிறோம் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலும் அதற்குப் பிறகு 1867 வரைக்கும் சிங்கப்பூரின் அதிகாரபூர்வ நாணயமே இந்திய ரூபாய்தான். ஆனால் கடைத்தெருவில் ஜனங்கள் ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி டாலரை விடவே இல்லை. கடைசியில் அரசாங்கம்தான் ஜனங்கள் வழிக்கு வந்தது. எழுத்துத் தமிழில் என்னதான் டாலர் என்று போட்டாலும் நம் வாயில் வெள்ளிதான் வருகிறது.

அலர்ட் வசதி வேலை செய்கிறது, இரண்டு தடவை சரியான நேரத்துக்கு வந்தது. மூன்றாவது தடவை இரவு இரண்டு மணிக்கு அலறி அறையில் எட்டுப் பேரை எழுப்பியது, அதோடு அணைத்துவிட்டேன். தேதி தேடுவது சுலபம். விளம்பரம் இல்லை.

காசு கொடுக்கலாமா என்று கேட்டால், மூன்று கோடு அடுக்கும் வசதி வேண்டும் என்றால் ஒரே ஒரு மாசம் கட்டிப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். வெறும் வெள்ளி–ரூபாய் பழைய ரேட் போதும் என்றால் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கிறது, 1980-களின் கடைசியிலிருந்து, ஆப்பைவிடப் பின்னாலேயே போகிறது. அங்கே 100 ரூபாய்க்கு எத்தனை வெள்ளி என்று இருக்கும், நூறை அந்த எண்ணால் வகுத்துக்கொண்டால் நம் ரேட் வந்துவிடும். 1.50 என்று இருந்தால் 66.67. கால்குலேட்டர் எதற்கு இருக்கிறது.

ஐந்துக்கு மூன்று. சராசரியைச் சொல்லாமல் காட்டியதற்கு ஒன்று, 1992-க்கு ஒன்று கழித்துவிட்டேன்.

சந்தாவை நேற்று ராத்திரி நிறுத்தினேன். நிறுத்துவதற்கு முன்னாலேயே எக்செலை இறக்கிக்கொள்ளுங்கள், நிறுத்திய நிமிஷமே அந்தப் பொத்தான் மறைந்துவிடுகிறது. நான் 1990-லிருந்து நாள்வாரியாக முழுசும் எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்துக் கட்டத்தில் டின்னில் இருக்கும் ரேட்டை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருகிறேன், 2006 ஜூலை வரை முடிந்தது. 1992-ல் இங்கிருந்து வங்கி வழியாக அனுப்பிய ரசீது யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால் பேரையும் கணக்கு எண்ணையும் மறைத்து ஒரு போட்டோ போடுங்கள், அந்த நாற்பது–அறுபது கணக்கைக் கண்ணால் பார்க்க வேண்டும்.